ரொல்ஃப் கேட்காத பாட்டு

எங்கள் மண்டபத்துக்குப் போன மாதம் ஒரு கணினி வந்திருக்கிறது. ஆடுகிறவர்கள் எந்தப் பாட்டுக்கு எழும்பினார்கள், எதற்கு உட்கார்ந்தார்கள் என்று பார்த்து, அடுத்த பாட்டை அதுவே சொல்லிவிடுமாம். அங்கே கூடும் ஆட்டச் சங்கத்தின் இப்போதைய நிர்வாகக்குழு என்னைப் பிடித்துக்கொண்டது. "பழசு எவ்வளவு, புதுசு எவ்வளவு எண்டு உங்களிட்ட ஒரு கணக்கு இருந்திருக்குமே, சிவா. எழுதித் தாங்கோ. இதுக்குள்ள ஏத்திப் பாப்பம்."

எழுத உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை. இரண்டு தரம் எழும்பித் தேநீர் போட்டாயிற்று. கணக்கு ஒன்றும் இல்லை என்று ஒரே வரியில் பதில் அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் கணக்கு இருந்தது. அது மரியானெ என்ற ஒரு மனுசியிடம் வந்து உடைந்தது. அதைச் சொல்லாமல் கணக்கை மட்டும் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஜேர்மனியின் டோர்ட்மண்ட் நகரில், மூடிப்போன நிலக்கரிச் சுரங்கம் ஒன்றின் சாப்பாட்டு மண்டபம் அது. ஞாயிறு பின்னேரங்களில் அங்கே சோல் சங்கம் கூடும். சோல் என்பது அறுபதுகளில் அமெரிக்கக் கறுப்பினத்தவர்கள் பாடிய பாட்டு. காதலி விட்டுவிட்டுப் போனதைப் பாடினாலும் கேட்பவரின் கால் சும்மா இருக்காது. அந்தப் பாட்டுகள் சின்னச் சின்ன இசைத்தட்டுகளில் வந்தன. அவற்றைத் தேடிச் சேர்ப்பவர்களும் அவற்றுக்கு ஆடுபவர்களும்தான் சங்கம். ஜேர்மன்காரர் ஆனபடியால் ஆட்டத்துக்கும் யாப்பு என்கிற சட்டதிட்டம், நிர்வாகக்குழு, வருடாந்தப் பொதுக்கூட்டம் எல்லாம் உண்டு. நாலு மணிக்குக் கோப்பியும் கேக்கும் கட்டாயம்.

நான் அகதியாக வந்தவன். உணவகத்தில் கோப்பை கழுவினேன். பிறகு வானொலி, தொலைக்காட்சி திருத்தும் கடையொன்றில் அவுஸ்பில்டுங் என்கிற தொழிற்பயிற்சி முடித்தேன். வார இறுதிகளில் எங்கள் ஆட்களின் கலியாணங்களுக்கும், பெண் பிள்ளைகள் பெரியவளாகும் சாமத்தியவீடுகளுக்கும் ஸ்பீக்கர் கட்டினேன். இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பிறகு மண்டபத்தில் ஒலிப் பொறுப்பாளர் வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அங்கேதான். அதற்கு முந்திய காலத்தை இதற்கு மேல் இழுக்க எனக்கு விருப்பமில்லை.

முதல் மாதத்திலேயே பிழை விட்டேன். பாட்டுப் போடுகிறவருக்குக் காய்ச்சல். "தட்டை மாத்த உமக்குத் தெரியும்தானே" என்று என்னை நிறுத்திவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் எங்கள் கலியாண மண்டபத்து வழக்கம். அங்கே சாப்பாட்டுக்கு முன்னமே நல்ல பாட்டெல்லாம் போட்டுவிட வேண்டும். சாப்பிட்ட கையோடு சனம் சட்டைப் பைக்குள் கார்த் திறப்பைத் தேடத் தொடங்கிவிடும். ஆகவே, சங்கத்தில் எல்லோருக்கும் உயிரான பாட்டுகளை வரிசையாக அடுக்கிப் போட்டேன். மண்டபம் அதிர்ந்தது. நான் தரையில் இல்லை. நாலு மணிக்குக் கேக்கைத் தின்றார்கள், ஜாக்கெட்டைப் போட்டார்கள், போய்விட்டார்கள். ஆறு மணிவரை நடக்க வேண்டிய ஆட்டம்.

காலியான மண்டபத்தில் தலைவி ஹில்டெ என்னிடம் வந்தார். (இந்தப் பேச்செல்லாம் டொச்சில், அதாவது ஜேர்மன் மொழியில் நடந்தவை. இத்தனை வருடம் கேட்டும் அவை என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழுகின்றன. விழுந்தபடியே எழுதுகிறேன்.)

"எல்லாருக்கும் வயிறு நிரம்பிப் போச்சு, சிவா. இனி என்னத்துக்கு நிக்க வேணும்?"

"சனம் சந்தோசமா ஆடினதுதானே?"

"ஓம். தெரிஞ்ச பாட்டுக்கு ஆடினவை. அடுத்த ஞாயிறும் அதையே போட்டால் ஆடுவினம். அதுக்கடுத்த ஞாயிறு வீட்டிலயே போட்டுக் கேட்டிட்டு இருந்திடுவினம்."

ஹில்டெ டிராம் ஓட்டி ஓய்வு பெற்றவர். பேசும்போது நம்முடைய முகத்தைப் பார்க்க மாட்டார். டிராமில் இருந்த பழக்கத்துக்கு, பாட்டு மேடையின் மூலையில் ஒரு நீளக் கண்ணாடியைச் சாய்வாகக் கட்டியிருந்தார். எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றபடி அதில் ஆடுகளத்தைப் பார்ப்பார். அதுவும் முழங்காலுக்குக் கீழேதான். "முகம் மரியாதைக்குச் சிரிக்கும். குதிக்காலுக்கு மரியாதை தெரியாது" என்பார். கோபம் வந்தால் சத்தம் போட மாட்டார். கண்ணாடியைத் துடைக்கத் தொடங்குவார். அந்தத் துணியைக் கண்டாலே நான் வயர் சுருட்டப் போய்விடுவேன்.

அவர் சொல்லித் தந்த கணக்கு இதுதான். புதுசு என்றால் நேற்று வெளிவந்தது என்று அர்த்தமில்லை. எங்கள் மண்டபம் கேட்டிராத எதுவும் புதுசு; நாற்பது வருடம் யாருடைய பரணிலாவது கிடந்த தட்டும் புதுசுதான். புதுசை இரண்டு பழசுக்கு நடுவில் வைக்க வேண்டும். முன்னால் வரும் பழசு மிகப் பிரியமானதாக இருக்கக்கூடாது, இருந்தால் புதுசைக் கண்டு சனம் ஏமாறும். பின்னால் வருவது முதல் அடியிலேயே அடையாளம் தெரிய வேண்டும், அப்போதுதான் தண்ணீர் குடிக்கப் போனவர்கள் ஓடி வருவார்கள். கேக் வெட்டும் நேரத்தில் புதுசு போடவே கூடாது. களம் காலியானால் பாட்டின் குற்றமா கேக்கின் குற்றமா என்று தெரியாமல் போகும். ஒரு புதுசை ஒரே ஞாயிறில் தீர்ப்புச் சொல்லித் தூக்கி எறியவும் கூடாது.

இவற்றோடு இரண்டு வழக்கங்கள். புதுசைப் போடுகிறவர் ஊசியை வைத்த கையோடு களத்தில் இறங்கி, அந்தப் பாட்டு முடியும்வரை தானே ஆட வேண்டும். "நீர் ஆடாத பாட்டுக்கு மற்றவன் ஏன் ஆட வேணும்?" என்பது ஹில்டெயின் நியாயம். ஒருவரும் எழும்பாவிட்டால் தனியாகத்தான் ஆட வேண்டும். பெரிய பெரிய சேகரிப்பாளர்கள் வியர்த்து வழிந்து ஒற்றையில் ஆடியதைப் பார்த்திருக்கிறேன். நான் தட்டை மாற்றிக் கொடுப்பவன் மட்டும்தான், பாட்டைத் தெரிவு செய்வது என் வேலை அல்ல என்பதால் தப்பினேன். எங்கள் ஊரில் ஆம்பிளைகள் ஆடுவது காவடிக்கு மட்டும்தான். அதுவும் நான் எடுத்ததில்லை.

மற்றது, ஓய்வுப் பெட்டி. மேசைக்குக் கீழே பச்சை நிறத் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. சனம் யோசிக்காமலே ஆடத் தொடங்கிவிட்ட பழைய பாட்டைப் பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தி ஒரு வருடம் அந்தப் பெட்டிக்குள் வைப்பார்கள். இல்லாதபோதுதான் அருமை தெரியும், அந்த இடத்தில் புதுசும் மூச்சு விடும். ஆனால் ஒரு பாட்டுக்கு ஓய்வு கேட்கிறவர் எல்லோர் முன்னாலும் எழும்பிக் காரணம் சொல்ல வேண்டும்.

ஒரு பாட்டுக்கு மட்டும் யாரும் ஓய்வு கேட்டதில்லை. அது ரொல்ஃபும் மரியானெயும் ஆடும் பாட்டு. ரொல்ஃப் தபால்காரர். மரியானெ ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை. கலியாணத்துக்கு முன்பே அந்தப் பாட்டுக்கு ஆடியவர்களாம். அது தொடங்கினால் மற்றவர்கள் ஒதுங்கி நடுவை விட்டுவிடுவார்கள். ரொல்ஃப் பெரிய ஆட்டக்காரர் இல்லை. அந்த மனுசி சுழன்று வரும்போது சரியான இடத்தில் நிற்பார், அவ்வளவுதான். பார்க்க வயிறு குளிரும்.

ஒரு வசந்த காலத்தில் ரொல்ஃப் இருதய நோயால் இறந்துபோனார். மரியானெ வருவதை நிறுத்திவிட்டார். "அவ திரும்பி வாற அண்டைக்கு, கடைசிப் பாட்டா அதைப் போடுவம். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது" என்றார் ஹில்டெ. முழுச் சங்கமும் ஓம் என்றது. நானும் ஓம் என்றுதான் நினைத்தேன்.

இலை உதிரத் தொடங்கிய ஒரு ஞாயிறு, நான் வெள்ளனவே போய் வாசல் பக்கத்து ஸ்பீக்கரைக் கழற்றி வைத்திருந்தேன். கதவு திறந்தது. மரியானெ. மேலங்கியைக் கழற்றவில்லை.

"இண்டைக்கு அந்தப் பாட்டைப் போடப் போறீங்களோ?"

"கடைசியா. உங்களுக்காகத்தான் வைச்சிருக்கினம்."

"அது வந்தால் நான் இந்தக் கதவால போயிடுவன், சிவா. பிறகு வரவே மாட்டன்."

அவர் அங்கியின் பொத்தானைப் போட்டுப் போட்டுக் கழற்றினார்.

"வீட்டில எங்க பாத்தாலும் அவர்தான் இருக்கிறார். இஞ்ச வாறதெண்டால், அவர் கேக்காத பாட்டுக்கு ஆடத்தான் வாறன். அவர் கேட்டதெல்லாம் எனக்கு இனி ஏலாது."

"ஹில்டெயிட்டச் சொல்லுங்கோ. கேப்பா."

"சொன்னால் பழசெல்லாத்தையும் நிப்பாட்டிப் போடுவா. என்னைக் கண்டால் எல்லாரும் மெல்லமா நடக்கத் தொடங்குவினம். ஆஸ்பத்திரியில நாள் முழுக்க அப்பிடி நடக்கிறதைக் காணுறன், அது போதும். நீங்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்தபின் ஸ்பீக்கரைத் திரும்பப் பூட்டினேன். வயரை மாறிக் கொழுவியிருந்தேன், மூன்று தரம் கழற்றிப் பூட்ட வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் ஹில்டெ ரொல்ஃபின் பாட்டுக்காகக் கையை நீட்டியபோது, "அந்தத் தட்டு கீறுப்பட்டுப் போச்சு. ஊசி துள்ளுது" என்றேன். பொய் சொல்வதற்கும் ஒரு மூளை வேண்டும். இசைத்தட்டுச் சேர்க்கிறவர்களின் சங்கத்தில் நின்றுகொண்டு தட்டுக் கீறிப்போச்சு என்கிறேன்! ஹில்டெ கண்ணாடியைப் பார்த்தபடி, "பரவாயில்லை, வாற கிழமை" என்றார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவளுக்குச் சொல்வது சொன்ன கணக்கில் வராது. சறோ சோற்றைப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "இஞ்சாருங்கோ, உங்களுக்கென்ன விசரே? தலைவி சொன்னதைச் செய்துபோட்டு வாறதுதானே. வேலை போனால் என்ன செய்யிறது?"

"அந்த மனுசி பிறகு வராது."

"வராட்டில்?"

அந்தக் கிழமை முழுக்க ஒழுங்காக நித்திரை இல்லை. ஹில்டெக்குச் சொல்லிவிடுவோமா என்று தொலைபேசியை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். முன்பொருநாள் பழம்பொருள் சந்தையில் ஒரு அம்பிளிஃபயர் வாங்கியபோது, பெட்டிக்குள் அதிராமல் இருக்க ஐந்தாறு இசைத்தட்டுகளைச் செருகித் தந்திருந்தான் விற்றவன். அதில் ஒன்றின் நடுவில் ஒட்டியிருந்த பெயர்த் தாள் பாதி கிழிந்திருந்தது. பாடியவள் யாரென்று தெரியாது. குரல் கொஞ்சம் அடைத்தாற்போல இருக்கும். ஆனால் மேளம் விடாமல் இழுத்துக்கொண்டு போகும். வெள்ளிக்கிழமை அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சறோ கதவைச் சாத்திவிட்டாள்.

ஞாயிறு வந்தது. மண்டபத்துக்குள் கால் வைத்தால், வாசல் மேசையில் அதே பாட்டின் இசைத்தட்டுகள் வரிசையாக இருக்கின்றன. ஆளாளுக்குத் தங்கள் வீட்டுப் பிரதியைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். கூர்ட் என்ற கிழவர், அதே சுரங்கத்துக்குள் நிலக்கரி வெட்டியவர், தன்னுடையதைத் தேநீர்த் துணியில் சுற்றி நெஞ்சோடு பிடித்தபடி நின்றார். "என்ரதில ஒரு கீறல் இல்லை, சிவா. ரொல்ஃபுக்காக." எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவ்வளவும் அன்பு. நல்லதுக்கு ஓடி வருகிற மனுசரைத் தடுப்பது எப்படி?

மரியானெயும் வந்திருந்தார். கேக் மேசையருகே நின்றார். ஆடவில்லை.

ஆறு மணிக்குச் சற்று முன் ஹில்டெ ஒலிவாங்கியை வாங்கினார். கடைசிப் பாட்டு ரொல்ஃபுக்காக என்றார். எல்லோரும் எழும்பி மரியானெயைச் சுற்றி வட்டமாக நின்றார்கள், அவர் நடுவில் தனியாக ஆடட்டும் என்று. ஒரு பக்கம்கூட வெளியே போக இடைவெளி இல்லை. மரியானெ கதவைப் பார்த்தார், பிறகு மேடையைப் பார்த்தார். கூர்ட்டின் இசைத்தட்டு என் கையில். நான் அதைத் துணியில் திருப்பிச் சுற்றி ஓரமாக வைத்தேன். கிழிந்த தாள் ஒட்டிய தட்டைப் போட்டு ஊசியை இறக்கினேன்.

முதல் அடி கேட்டதும் மண்டபம் அப்படியே நின்றது. யாருக்கும் தெரியாத பாட்டு. எல்லா முகமும் என் பக்கம் திரும்பிற்று. அப்போதுதான் எனக்கு உறைத்தது: புதுசைப் போட்டவன் இறங்கி ஆட வேண்டும்.

இறங்கினேன். கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. சட்டைப் பையில் ஸ்குரூ ட்ரைவர் குலுங்கியது. வட்டத்தைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், மரியானெயிலிருந்து நாலு அடி தள்ளி நின்று, கண்டபடி காலைத் தூக்கிப் போட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் சுகமாக இருந்திருக்கும். வெட்கத்தில் காது சுட்டது.

மரியானெ என்னுடைய காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கேட்டார்: "இதை ரொல்ஃப் கேட்டிருக்க மாட்டாரே?"

"ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்."

ஆடத் தொடங்கினார். ரொல்ஃப் நிற்கும் இடம் காலியாக இருக்கிற மாதிரி ஆடவில்லை. இரண்டு கையும் உடம்போடு ஒட்டி, சின்னச் சின்ன அடியாக, முன்பு நான் காணாத ஆட்டம். எங்கள் இருவரைத் தவிர வேறு எவரும் அசையவில்லை. பாட்டு முடிந்தது. கூர்ட் மேடைக்கு வந்து தன் துணிச்சுற்றை எடுத்தார். ஹில்டெ கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"காரணம் சொல்லும்."

"சொல்ல ஏலாது."

"அப்ப இனி ஸ்பீக்கரை மட்டும் பாரும். தட்டில கை வைக்க வேண்டாம்."

அந்தக் குளிர்காலம் எனக்குக் கசப்பாகக் கழிந்தது. வேலை இருந்தது, ஆனால் மேடையில் இடமில்லை. கூர்ட் என்னைக் கண்டால் மற்றப் பக்கம் பார்ப்பார். மரியானெ மட்டும் ஒரு ஞாயிறு தவறாமல் வந்தார். அவருக்காகத்தானே இவ்வளவும், ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று சில நாள் அவர் மேலேயே எனக்கு ஆத்திரம் வந்தது. பிறகு, வருகிறாரே, அது போதாதா என்று ஆறுவேன். அடுத்த கிழமை திரும்பவும் பொங்கும்.

ஹில்டெயிடம் நான் சொல்லவில்லை, மரியானெயும் சொல்லவில்லை. கண்ணாடி சொல்லிவிட்டது என்று நினைக்கிறேன். புதுசு போட்டால் முதலில் இறங்கும் கால் மரியானெயுடையது. பழசு தொடங்கினால் அந்தக் கால் கேக் மேசைக்குப் போய்விடும். ஒவ்வொரு ஞாயிறும் அப்படியே. பனி கரைந்த காலத்தில் ஒருநாள் ஹில்டெ எனக்கு முதுகைக் காட்டியபடி நின்று, "அந்தக் கிழிஞ்ச தாள் ஒட்டினதைக் கொண்டு வந்தனீரோ?" என்று கேட்டார்.

"வீட்டில இருக்கு."

"வாற கிழமை கொண்டு வாரும். கேக்குக்கு முன்னம் போட வேண்டாம்."

மன்னிப்பு, விளக்கம் எதுவும் இல்லை. அவ்வளவுதான் ஹில்டெ. ரொல்ஃபின் பாட்டைப் பற்றி அதன்பின் அவர் பேச்செடுக்கவில்லை. அவர் எடுக்காததால் மற்றவர்களும் எடுக்கவில்லை.

நான் கொண்டுபோனேன், போட்டேன், ஆடினேன். மெல்ல மெல்ல ஆட்கள் சேர்ந்தார்கள். கூர்ட் இறங்க ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தது. பிறகு அது எங்கள் மண்டபத்தின் பாட்டாகிவிட்டது. கெல்னிலிருந்தும் ஹம்பேர்க்கிலிருந்தும் சேகரிப்பாளர்கள் வந்து தாளை எட்டிப் பார்த்தார்கள். பாட்டு வேறு மண்டபங்களுக்குப் போய்விடாதபடி நான் வெள்ளைக் கடதாசி ஒட்டி மறைத்தேன். என் வாழ்க்கையில் நானாகக் கண்டெடுத்த ஒரே பாட்டு அது. அது தொடங்கும்போது சனம் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வரும் சத்தம் இருக்கிறதே, அதற்காகவே ஞாயிறைப் பார்த்திருப்பேன். எனக்கு அவ்வளவு பெருமை.

மூன்று நாலு வருடம் போயிருக்கும். பொதுக்கூட்டத்துக்கு முந்திய ஞாயிறு, மரியானெ மேடைக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"சிவா, இதையும் நிப்பாட்ட வேணும்."

எனக்கு விளங்கவில்லை. "எதை?"

"உங்கட பாட்டை. இதைக் கேட்டால் அவர் இல்லாத அந்த முதல் வருசம் முழுக்கத் திரும்பி வருது. அந்த அங்கி, அந்த வாசல், எல்லாம். அவரிட்டயிருந்து தப்பத்தான் இதுக்கு ஆடினன். இப்ப இதுக்குள்ளயும் அவர் வந்து நிக்கிறார்."

உன் ஒருத்திக்காக எவ்வளவைத்தான் விடுவது என்று கேட்க நாக்கு நுனிவரை வந்துவிட்டது. வீட்டுக்குப் போய் அதைப் போட்டுக் கேட்டேன், பாதியில் ஊசியைத் தூக்கினேன். அந்தப் பாட்டில் எனக்கும் நிறைய ஏறியிருந்தது: கூர்ட் முகத்தைத் திருப்பியது, அந்தக் குளிர்காலம், பிறகு வந்த சத்தம். ஒரு பாட்டு பழசாவது இப்படித்தான் போலிருக்கிறது.

பொதுக்கூட்டத்தில் கை உயர்த்தினேன். அந்தப் பாட்டுக்கு ஓய்வு வேண்டும் என்றேன். மண்டபம் சிரித்தது. அதற்கு நான் எவ்வளவு ஆசையோடு ஆடுவேன் என்று எல்லோருக்கும் தெரியும்.

"காரணம்?" என்றார் ஹில்டெ.

எனக்குச் சலித்துவிட்டது என்று சொல்ல எழும்பினேன். வாய் திறக்குமுன்னே பின்னால் நாற்காலி ஒன்று நகர்ந்தது.

"காரணம் நான்" என்றார் மரியானெ. நின்றபடி எல்லாவற்றையும் சொன்னார். ரொல்ஃபின் பாட்டு, வாசலில் என்னிடம் கேட்டது, கீறாத தட்டு, இப்போது இது. அழவில்லை. சமையலறையில் அடுத்த நாள் சாப்பாட்டைச் சொல்வது போலச் சொன்னார். "என்னைக் கண்டு மெல்லமா நடக்க வேண்டாம். பழசைப் போடுங்கோ, நான் கேக் தின்னுறன். ஆனால் இந்த ரெண்டும் வேண்டாம்."

கூர்ட் கடைசி வரிசையில் இருந்தார். தலையைக் குனிந்து, நெடுநேரம் தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு முதல் ஆளாகக் கையை உயர்த்தினார். பிறகு எல்லாக் கையும். ஹில்டெ அன்று எங்கள் எல்லோருடைய முகத்தையும் பார்த்தார். நான் இசைத்தட்டைப் பச்சைப் பெட்டிக்குள் வைத்தேன். ஒருவருடைய நன்மைக்காகவே செய்தாலும், தன்னுடையதைத் தூக்கி உள்ளே வைப்பது வலிக்கத்தான் செய்கிறது.

கூட்டம் முடிந்து கதிரைகளை அடுக்கும்போது மரியானெ வந்தார்.

"ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன வைச்சிருக்கிறியள்?"

"ஒண்டும் இல்லை" என்றேன். குரலில் கோபம் இருந்தது, மறைக்கவில்லை. "என்னட்ட இருந்தது அது ஒண்டுதான்."

"அப்ப தேடுங்கோ" என்றார், அங்கியைப் போட்டுக்கொண்டு. "நான் வருவன்."